துணைக்குப் போன பேய்

பேய்ப் படம் பார்ப்பதில் நான் கொஞ்சம் பெரிய ஆள். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. எங்கள் எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பாதிப் பேர் என் மேசைக்கு வந்து, இந்த வாரம் எதைப் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நான் பெரிய படம் எதையும் சொல்ல மாட்டேன். மாளிகையை வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டரில் பேய் வரைந்து, கதாநாயகனுக்கு இரண்டு பாட்டும் வைத்த படத்தில் பயத்தைத் தவிர எல்லாம் இருக்கும். கையில் காசில்லாதவன் எடுத்த படம்தான் என் படம்.

ஒரு மலையாளப் படம். தோட்டத்துக் கிணற்று மோட்டார் அறையில் மூன்று பேர், அவ்வளவுதான். யாரும் போடாமலே மோட்டார் ஓடும், பிறகு நிற்கும். பேய் வரவே வராது. அதை ஐந்து தடவை பார்த்துவிட்டேன், ஆறாவது தடவையும் தலையணையை அணைத்துக்கொண்டுதான் பார்ப்பேன். இன்னொன்று, செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிக்குள்ளேயே முடிந்துவிடுகிற படம். டிரைவருக்கு வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் மனைவியின் குரல் கொஞ்சம் மாறியிருக்கும். இந்தப் படங்களை எடுத்தவர்களிடம் பேயைக் காட்டப் பணம் இல்லை. அதனால் பயப்படுகிற மனிதரின் முகத்தைக் காட்டப் பழகிக்கொண்டார்கள். அதுதான் விஷயம் என்று நான் எல்லோருக்கும் வகுப்பு எடுப்பேன். யாராவது எதிர்த்துப் பேசினால், நீங்கள் பேயாக நடித்திருக்கிறீர்களா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். ஏனென்றால் நான் நடித்திருக்கிறேன்.

அந்தப் படம் பதினோரு நிமிடம் ஓடும். எடுத்தது என் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கம் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, தென்னந்தோப்பு இருந்தது. மாமா இன்ஜினியரிங் படிப்பை மூன்றாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு, கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் ஆறு மாதம் லைட் பிடித்துவிட்டு, பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, தான் டைரக்டர் என்று வீட்டில் அறிவித்தார். முதல் முயற்சியாகத் தோப்புக்குப் பின்னால் சுற்றும் காற்றாலைகளை ஒரு மணி நேரம் படம் பிடித்துக் காட்டினார். அப்புச்சி அதை முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதைத் தோப்பில் நின்றே பார்த்திருக்கலாமே என்று கேட்டாராம். மறுவாரமே தொழில் பழக மாமா எங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரில் ஒரு குறும்படப் போட்டி வந்தது. தேர்வாகிறவர்களில் ஒருவரைச் சென்னையில் ஒரு டைரக்டர் உதவியாளராகச் சேர்த்துக்கொள்வார் என்று அறிவித்திருந்தார்கள். மாமா போனில் அப்புச்சியிடம் கெஞ்சினார். அப்புச்சி ஒரு வாக்குக் கொடுத்தார். தேர்வானால் சென்னைக்குப் போகலாம், தடுக்க மாட்டார். ஆகாவிட்டால் கேமராவை விற்றுவிட்டு எங்கள் கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்புறம் சினிமா என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. மாமாவுக்கு அது வாழ்வா சாவா என்று ஆகிவிட்டது. எனக்கும் அப்படித்தான், ஏனென்றால் பேய் வேடம் எனக்கென்று முடிவாகியிருந்தது.

கம்பெனி என்று எங்கள் திருப்பூரில் சொன்னால் பனியன் கம்பெனிதான். எங்களுடையது பெருமாநல்லூர் போகிற வழியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கட்டடம். நாற்பது மெஷின், செக்கிங் டேபிள் நான்கு, அயர்னிங், பேக்கிங், எல்லாவற்றுக்கும் பின்னால் துணி ரோல்களை அடுக்கி வைக்கிற குடோன். சாயப் பட்டறை, ஆர்டர், பேங்க் என்று வெளி வேலையெல்லாம் அப்பா. உள்ளே நிர்வாகம் முழுக்கப் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன். அம்மா முன்னால் ஆபீஸ் அறையில் லேபிள், பேக்கிங் லிஸ்ட் என்று பார்த்துக்கொள்வாள். மே மாத லீவு முழுக்க நான் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடுவேன்.

பெரியப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சத்தம் போட்டுப் பேசாதவர். மற்ற கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள் கத்துவார்கள், எங்கள் பெரியப்பா டெய்லர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். என்னைப் பார்த்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு தேங்காய் மிட்டாய் வரும். என் தலையில் கை வைத்துவிட்டுத்தான் தாண்டிப் போவார். கம்பெனியில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் கேக் வெட்டுவது அவர் செலவு. நல்ல முதலாளி என்று ஊரே சொல்லும், நானும் அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்வேன்.

செக்கிங்கில் முத்தக்கா இருந்தாள். தெற்கே சாத்தூர்ப் பக்கம். இருபத்து நாலு வயது இருக்கும். தம்பி பாலிடெக்னிக் முடிக்கிற வரைக்கும் இங்கே வேலை, பிறகு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்றில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருந்தாள். டியூப்லைட்டுக்கு நேராகப் பனியனை விரித்துப் பிடித்து, ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை அதன் பக்கத்தில் ஒட்டிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய பீஸ் எதுவும் கிடையாது என்று அம்மாவே சொல்வாள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளைக் கண்ணு என்போம், அவள் பாப்பா என்பாள். அதுவே எனக்கு ஏதோ வெளிநாட்டு மரியாதை மாதிரி இருக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு குறை என்று நான் கண்டுபிடித்திருந்தேன். குடோனுக்குத் தனியாகப் போகப் பயம்.

ஓட்டை விழுந்த பீஸுக்கு மாற்றுத் துண்டு வெட்ட அதே நிறத் துணியைக் குடோனிலிருந்து எடுத்து வர வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறவள், நிறம் தவறாமல் பார்த்து எடுப்பாள் என்று சொல்லிப் பெரியப்பா எப்போதும் முத்தக்காவைத்தான் அனுப்புவார். அவர் சொன்னதும் அவள் எழுந்து, குடோன் பக்கம் போகாமல் நேராக ஆபீஸ் அறை வாசலுக்கு வருவாள். “பாப்பா, துணைக்கு வாரியா?” என்று கேட்பாள்.

துணைக்குப் போவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். விளக்கில்லாத சந்தில் அத்தை போகும்போது என்னைத் துணைக்கு அழைப்பாள். தனியாக இருப்பவரைத்தான் பேய் பிடிக்கும், இரண்டாவதாக ஒரு குழந்தை நின்றால்கூடப் போதும், கிட்டே வராது. அதனால் ஒரு நாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன், குடோனில் பேய் இருக்கிறதா என்று. முத்தக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ஆமா பாப்பா. பேய்தான்.”

அன்றைக்கே நான் அவளுக்குப் பேய் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை பதில் சொல்லக் கூடாது. இரும்பு கையில் இருந்தால் பேய் அண்டாது. நூல் வெட்டுகிற டிரிம்மர் இரும்புதானே, போகும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்றேன். முத்தக்கா இடுப்பில் செருகியிருந்த டிரிம்மரை எடுத்துக் காட்டினாள். எப்போதும் வைத்திருப்பாளாம். பரவாயில்லை, விஷயம் தெரிந்தவள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

குடோனுக்குள் நாங்கள் துணி தேடிக்கொண்டிருக்கும்போது பல தடவை பெரியப்பாவும் வந்துவிடுவார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று, இந்தப் புழுக்கத்தில் உனக்கு என்ன வேலை, ஆபீஸில் போய் ஃபேன் காற்றில் உட்காரு கண்ணு என்பார். முத்தக்கா என் கையைப் பிடித்திருப்பாள், அதனால் நான் போக மாட்டேன். பெரியப்பா மிட்டாயைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் வந்து நிற்கிற அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் தைரியமாக இருக்கும். பெரியவர் ஒருவரும் வந்துவிட்டாரே, இனி எந்தப் பேய் வரும்?

மாமா கதை எழுதி முடித்திருந்தார். செக்கிங் பார்க்கிற பெண் ஒருத்திக்கு எந்தப் பனியனை எடுத்தாலும் அதில் ஒரே இடத்தில் ஒரே கறை தெரிகிறது. கறை துவைத்தாலும் போகாது. கடைசியில் குடோனில் துணி ரோல்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எழுந்து வருகிறாள், அவள் சட்டையில் அதே இடத்தில் அதே கறை. அவ்வளவுதான் கதை. இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

செலவு என்று பார்த்தால் டீக்கும் பன்னுக்கும் ஆனதுதான். ஆண்களுக்கான மிகப் பெரிய அளவு வெள்ளை டி-சர்ட் ஒன்று ரிஜெக்ட் ஆகிக் கிடந்தது, எனக்கு அது கணுக்கால் வரை வந்தது. முகத்துக்குக் கட்டிங் மாஸ்டரின் சாக்குக்கட்டியைப் பொடித்துப் பூசினோம். புகை வேண்டும் என்றால் அயர்ன் பாக்ஸின் ஸ்டீமைத் திறந்துவிட்டால் போதும். வெட்டிய துணியைத் தள்ளிக்கொண்டு போகிற டிராலியில் மாமா கேமராவோடு உட்கார, அயர்னிங் அண்ணன் ஒருவர் தள்ளினார். பெரிய சினிமா கம்பெனிக்காரர்கள் லட்சக்கணக்கில் வாடகை கொடுத்து எடுக்கிற ஷாட் என்று மாமா சொன்னார். நான் வீட்டில் கண்ணாடி முன் நின்று, தலைமுடியை முன்னால் விட்டு, வாயைக் கோணி, பல்லைக் காட்டி, கையை உயர்த்தித் தினமும் பழகினேன். குட்டித் தங்கச்சி இரண்டு தடவை அழுதாள், அதிலிருந்து என் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் கதாநாயகியால் வந்தது. பேக்கிங்கில் இருந்த ஒரு அக்கா நடிக்க ஆசைப்பட்டு வந்தாள். எல்லாம் நன்றாகச் செய்தாள், பயப்படுவதைத் தவிர. என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. நாலாவது ஞாயிறுதான் கடைசி, அதற்குள் அந்தக் காட்சியை எடுத்தால்தான் செவ்வாய்க்கிழமை படத்தை அனுப்ப முடியும். மாமா சாப்பிடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் புலம்பினார்.

நான் போய் அவரிடம் யோசனை சொன்னேன். முத்தக்காவைப் போடலாம். அவள் நடிக்கவே வேண்டாம், நிஜமாகவே பேய்ப் பயம், குடோனுக்குத் தனியாகப் போகவே மாட்டாள். மாமா எழுந்து உட்கார்ந்தார். என்னை அப்படியே தூக்கிச் சுற்றினார். படத்தின் கடைசியில் பெயர்கள் போடும்போது யோசனை என்று என் பெயரையும் போடுவதாகச் சத்தியம் செய்தார், போடவும் செய்தார்.

முத்தக்கா முடியாது என்றாள். மாமா கெஞ்சினார். தன் வாழ்க்கையே இந்த ஒரு காட்சியில் இருக்கிறது என்று சொன்னார், அது பொய்யும் இல்லை. அவள் கொஞ்சம் இரங்கி, ஞாயிற்றுக்கிழமை வேறு யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் டிராலி தள்ளுகிற அண்ணனும்தான், வேறு யாரும் வர மாட்டார்கள் என்றார் மாமா. கூச்சப்படுகிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீ அங்கனயே இருப்பேல்ல பாப்பா?”

நான்தானே பேயே, நான் இல்லாமல் எப்படி என்றேன். அதற்கு அவள் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின் எதுவும் ஓடாத கம்பெனி வேறொரு இடம் மாதிரி இருந்தது. குடோன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டதும் உள்ளே நல்ல இருட்டு. செக்கிங் டேபிள் ஒன்றை நடுவில் போட்டு, ஒரே ஒரு டியூப்லைட். மாமா ஷட்டருக்கு உள்பக்கம் டிராலியில் கேமராவோடு, டிராலியைப் பிடித்தபடி அயர்னிங் அண்ணன் கீழே குந்தியிருந்தார். நான் இடது பக்கம் ரோல்களுக்குப் பின்னால். முத்தக்கா பனியனைத் தூக்கிப் பார்க்க வேண்டும், சத்தம் கேட்டு நிமிர வேண்டும், நான் எழுந்து அவளை நோக்கி நடக்க வேண்டும்.

முதல் தடவை நான் எழுந்ததும் அவள் என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தாள். இரண்டாவது தடவையும் அப்படியே. அவளால் என்னைப் பார்த்துப் பயப்பட முடியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆறேழு தடவை எடுத்தும் அதே கதை. மாமா ஒரு ரோல் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை என்றார். நான் திரும்ப ஒளிந்துகொண்டேன். இந்தத் தடவை பல்லை முழுசாகக் காட்டுவது என்று தீர்மானித்தேன்.

முத்தக்கா பனியனைத் தூக்கினாள். நான் ரோல்களுக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். முடி முகத்தை மறைத்திருந்ததால் எனக்கு அவள் மட்டும்தான் தெரிந்தாள், அதுவும் இழை இழையாக. அவள் நிமிர்ந்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பனியன் கையிலிருந்து நழுவியது. ஒரு அடி பின்னால் வைத்தாள், இன்னொரு அடி, முதுகு ரோல்களில் இடித்து ஒன்று உருண்டு விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. வலது கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது. கத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் கையை இன்னும் உயர்த்தி, இன்னும் நெருங்கி நடந்தேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு நன்றாகச் செய்கிறோம் என்ற நிறைவு அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை.

மாமா நிறுத்தச் சொல்லவே மறந்துவிட்டார். வெகுநேரம் கழித்துத்தான் கட் என்றார். அப்போது கைதட்டல் கேட்டது. பெரியப்பா ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து நின்றிருந்தார், கையில் பன் பொட்டலமும் டீ பிளாஸ்க்கும். பிள்ளைகள் பசியாக இருக்குமே என்று கொண்டு வந்தாராம். படத்துக்கு நடுவில் சத்தம் போடக் கூடாது என்று மாமாவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாராம்.

“பரவாயில்லியே, நல்லா நடிக்கறியே” என்றார் முத்தக்காவிடம்.

அவள் நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி பிடித்தாள். வெளியே குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் என் முகத்துச் சாக்குப் பொடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எனக்கு அவளைப் பார்த்துப் பாவமாக இருந்தது, பேய் இல்லை அக்கா, நான்தான் என்று சமாதானம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நாளைக்கும் வருவியா என்று கேட்டாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, இனி அடுத்த லீவுக்குத்தான் என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை முத்தக்கா வேலைக்கு வரவில்லை. விடிகிறதற்கு முன்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாளாம். அறையில் இருந்த பெண்களிடமும் எதுவும் சொல்லவில்லை. தெற்கத்தி ஆட்கள் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள் என்று பெரியப்பா வருத்தப்பட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். குடோனில் பயந்துவிட்டாள், அதான் ஓடிவிட்டாள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு.

நான் தரையில் நிற்கவில்லை. ஒரு பெரிய பெண்ணைத் திருப்பூரை விட்டே விரட்டிய பேய் நான். ஐந்தாம் வகுப்பில் எனக்கு அந்த வருஷம் முழுக்க அதுவே பெயர். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

படம் தேர்வானது. அந்த முகத்தைப் பற்றித்தான் நடுவர்கள் பேசினார்களாம், இந்தப் பெண் எங்கே, அழைத்து வரவில்லையா என்று கேட்டார்களாம். மாமா சென்னைக்குப் போனார். இன்றைக்கு அவர் டைரக்டர் ஆகவில்லை என்றாலும் பெயர் சொன்னால் தெரிகிற எடிட்டர். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தக் கதை ஒரு தடவையாவது வரும். அதை எல்லோரையும்விட நன்றாகச் சொல்வது பெரியப்பாதான். நான் பல்லைக் காட்டியதை நடித்தே காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நான் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன்.

போன வருஷம் மாமா பழைய டேப்பிலிருந்து அந்தப் படத்தைச் சுத்தம் செய்து எனக்கு அனுப்பினார். அலுவலகத்தில் என் பெருமையை நிலைநாட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை மீட்டிங் அறையின் பெரிய திரையில் போட்டேன். சின்னப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வழக்கம்போல வகுப்பு எடுத்துக்கொண்டே போட்டேன். அந்தக் காட்சி வந்தது. முடிந்ததும் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க்கா, அவங்க பேயவே பார்க்கலீங்களே?”

திரும்பப் போட்டேன். இடது பக்கம் நான் வருகிறேன், நாலடி உயரப் பேய். முத்தக்காவின் கண் என் மேல் இல்லை. கேமராவைத் தாண்டி, அதற்குப் பின்னால், ஒரு ஆள் நிற்கிற உயரத்தில் இருக்கிறது. ஷட்டர் இருக்கும் இடத்தில். நூறு படங்களில் பயந்த முகங்களைப் பார்த்து எடை போட்டவள் நான். இந்த ஒரு முகத்தை எத்தனையோ தடவை பார்த்தும், அது எதைப் பார்க்கிறது என்று ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. பேயை மட்டுமே பார்த்திருக்கிறேன், பேய் நான் என்பதால். மற்றவர்கள் போன பிறகு ஆபீஸ் கழிப்பறையில் நின்று அழுதேன். அவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

மாமாவுக்குப் போன் செய்து கேட்டேன்.

“எடிட் பண்றப்பவே தெரிஞ்சுபோச்சு கண்ணு. அந்த ஷாட்ட வெட்டிட்டா படமே இல்லியே.”

பெரியப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வளைகாப்பில் அவர் அந்தக் கதையை ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரை நிறுத்தி, அவள் யாரைப் பார்த்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முத்தக்கா இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அந்தக் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கண் ஷட்டரை விட்டு ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்புகிறது. ஒரு நொடிதான். அந்த நொடியில் அவள் முகத்தில் பயம் இல்லை, உதடு அசைகிறது. சத்தம் பதிவாகவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்பது நன்றாகத் தெரிகிறது. பாப்பா என்று கூப்பிடுகிறாள். துணைக்குத்தான் கூப்பிடுகிறாள். நான் மாமா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் உயர்த்தி, வாயை இன்னும் அகலமாகத் திறந்து, அவளிடம் பல்லைக் காட்டுகிறேன்.